படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பவர்

பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இரவு வேலை பார்க்கும் ஒருவரை ‘தலைக்கூத்தல்’ படம் காட்டியது. ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கி, 2023 பிப்ரவரியில் வெளிவந்த படம். பழநி கட்டட வேலை பார்த்துவந்தவர்; அவருடைய அப்பா கீழே விழுந்து, நினைவு தப்பி, படுத்த படுக்கையாகிவிடுகிறார். பழநி பழைய வேலையை விட்டுவிட்டு ஏ.டி.எம். ஒன்றின் இரவுக் காவலாளி ஆகிறார். சமுத்திரக்கனி நடித்திருக்கும் இந்தப் பாத்திரம் வசனம் பேசி நம்மை அழவைப்பதில்லை. அப்பாவைத் துடைக்கிறார், ஊட்டுகிறார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி வேலைக்குப் போகிறார். சின்ன மகளுக்குத் தாத்தா அந்தக் கட்டிலில் இருப்பதே போதும். சுற்றியிருக்கும் உறவும் ஊரும்தான் ‘இன்னும் எத்தனை நாளைக்கு?’ என்கின்றன. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முதியவரை ‘அனுப்பிவைக்கும்’ தலைக்கூத்தலைக் கௌரவமான வழியாகவே அவை சொல்கின்றன.

சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போன படம் இது. ஆனால், முதுமையைப் பற்றித் தமிழில் வந்த படங்கள் பெரும்பாலும் தொடாத ஓர் இடத்தை இது தொட்டது. ஒருவர் படுத்துவிட்டால் அந்த வீட்டில் இன்னொருவருடைய பிழைப்பே மாறிப்போகிறது. அந்த இன்னொருவர் யார், எதை விட்டுக்கொடுக்கிறார், அதற்கு யார் ஈடு கட்டுவது என்ற கேள்விகளை நம் சினிமாவும் கேட்பதில்லை, நம் அரசும் கேட்பதில்லை.

ஷிஃப்ட் பார்த்து நடக்கும் ஊர்

துவாக்குடிக்காரர்களுக்குப் பழநியின் கணக்கு நன்றாகவே விளங்கும். திருச்சி - தஞ்சாவூர் சாலையில் பெல் பாய்லர் ஆலை, என்.ஐ.டி., சிட்கோ தொழிற்பேட்டை ஆகியவற்றை ஒட்டி வளர்ந்த ஊர் இது. இந்தப் பக்கம் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கூட ‘அண்ணன் எந்த ஷிஃப்ட்?’ என்று கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். இன்று இங்கே பல வீடுகளில் ஷிஃப்ட் என்பது கம்பெனிக்கு வெளியேயும் நடக்கிறது. பகல் ஷிஃப்ட் முடித்து வரும் மகன் இரவில் அம்மாவின் கட்டிலோரம் உட்காருகிறார். அவர் வந்த பிறகுதான் மருமகள் படுக்கப் போகிறார். காலேஜ் முடிந்து வரும் பேத்தி இடையில் ஒரு மணி நேரம் கைமாற்றிவிடுகிறாள்.

இதற்குக் காரணம் வயதுக் கணக்கு. பாய்லர் ஆலையில் 1965இல் உற்பத்தி தொடங்கியது. அன்று இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். பல மாவட்டங்களிலிருந்து வந்து, கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்து, ஓய்வுபெற்றதும் திருவெறும்பூர், காட்டூர், துவாக்குடி என்று சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டியது அந்தத் தலைமுறை. ஆலையில் ஓய்வுபெற்றவருக்கு ஆலை மருத்துவமனை என்ற பிடிமானமாவது இருக்கிறது. அதைச் சுற்றி முளைத்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் கிரைண்டிங்கும் வெல்டிங்கும் செய்து மூத்தவர்களுக்கு அதுவும் இல்லை. நிலக்கரி மின்நிலையங்களுக்கான புதிய ஆர்டர்கள் குறைந்தபோது இந்தப் பட்டறைகள் பலவும் ஆட்டம் கண்டன. வெல்டிங் கற்ற பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானம் ஏறினார்கள். தாத்தாவின் கட்டிலருகே போனைச் சாய்த்துவைத்து வீடியோ காலில் ‘தாத்தா, என்னைத் தெரியுதா?’ என்று கேட்கும் பேரன்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர்.

காவிரிக்கு அந்தப் பக்கம் திருவரங்கத்தில் காட்சி வேறு மாதிரி. பிள்ளைகள் அமெரிக்காவில், பெற்றோர் அடுக்குமாடிக் குடியிருப்பில், சாப்பாடு கேட்டரிங்கில், துணைக்கு ஏஜென்சி அனுப்பும் அம்மா. துவாக்குடியில் பணம் இல்லாததால் வீட்டுப் பெண் பார்த்துக்கொள்கிறார். திருவரங்கத்தில் பணம் இருப்பதால் இன்னொரு வீட்டுப் பெண் வந்து பார்த்துக்கொள்கிறார். இரண்டு இடத்திலும் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் பெண்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன பாட்டியை வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் என்ன? இதைத் துவாக்குடியின் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். கட்டில் ஹாலுக்கு வந்துவிடும். அங்கேதான் காற்று வரும், பாத்ரூமும் பக்கம். தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய இரும்புக் கட்டில் வாடகைக்கு. அதன் மேல் காற்று மெத்தை. மெத்தையின் மோட்டார் ராத்திரி பகலாக முனகிக்கொண்டிருக்கும்.

விடியற்காலையில் யூரின் பேக்கைக் காலி செய்வதில் நாள் தொடங்குகிறது. பிறகு வெந்நீரில் நனைத்த துணியால் உடம்பு துடைப்பது. துடைக்கும்போதே முதுகுத்தண்டின் அடி, இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். தோல் சிவந்திருந்தால் படுக்கைப்புண் வரப்போகிறது என்று அர்த்தம். அது வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி. முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை, முதுகுக்கு ஒன்று. விரிப்பில் சுருக்கம் விழக் கூடாது. இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் நாளைக்குப் பன்னிரண்டு முறை. அதில் மூன்று நான்கு முறை, ஊர் அடங்கிய பிறகு அலாரம் வைத்து எழுந்து செய்ய வேண்டியவை.

சாப்பாடு மூக்குக் குழாய் வழியாக. கேழ்வரகுக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, துணியில் வடிகட்டி ஆறவைக்க வேண்டும். வடிகட்டாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். தலைப்பக்கத்தை உயர்த்தி, பிஸ்டனைக் கழற்றிய பெரிய சிரிஞ்சைக் குழாயில் பொருத்தி, கஞ்சியை ஊற்றிக் கையை உயரே பிடித்தபடி நிற்க வேண்டும். கஞ்சி தன் எடையில் மெல்ல இறங்கும். அவசரப்பட்டு அழுத்தினால் எதுக்களித்து நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. முடிந்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, அரை மணி நேரமாவது சாய்ந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. நடுவில் மாத்திரைகளைப் பொடித்துக் கரைப்பது, மடங்கிப்போன விரல்களை நீவிவிடுவது, டயப்பர் மாற்றுவது. டயப்பர் விலை கட்டுப்படியாகாத வீட்டில் பழைய வேட்டிகளும் புடவைகளும் கிழிபடும், கொடியில் காயும்.

இத்தனையும் செய்பவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மூட்டு வலியும் சர்க்கரையும் அவருக்கும் உண்டு. பாட்டியைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது என்று டாக்டரிடம் காட்டப் போனால், அந்த ஒரு மணி நேரம் பாட்டியை யார் பார்ப்பது? பாட்டியே திருச்சி புதூரில் இருக்கும் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். ஆபத்து என்றால் 108 வரும். ஊசி போட்டு அனுப்பிவிட்டால் வீடு திரும்பத் தனி வண்டிக்குப் பேரம் பேச வேண்டும். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “பாட்டி எப்படி இருக்காங்க?” கஞ்சிப் பாத்திரத்துடன் நிற்பவரிடம் “நீ எப்படிம்மா இருக்கே?” என்று கேட்பவர் அபூர்வம்.

இது பாசத்தால் நடக்கும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் வேலை. இதற்கு நேரம் உண்டு, நுணுக்கம் உண்டு, உடம்புத் தேய்மானம் உண்டு. சம்பளம் மட்டும் இல்லை.

நம் படங்கள் எங்கே நிற்கின்றன?

முதுமையைச் சொன்ன தமிழ்ப் படங்களில் நாம் பெருமைப்படக்கூடியவை உண்டு. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) வேலைக்குப் போகும் ஒரு பேத்தியைக் குடும்பத் தலைவியாக நிறுத்தியது. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதியில் நிற்கும் வீட்டைப் பார்க்கக் கிளம்பிப் போவதை யார் மறப்பார்கள்? அடுத்து வந்த ‘சந்தியா ராகம்’ (1989), ஒண்டுக் குடித்தனத்துக்கு வந்து சேரும் ஒரு பெரியவர் அந்த வீட்டின் சாப்பாட்டுக் கணக்கை எப்படிக் குலைக்கிறார் என்பதை, யாரையும் வில்லனாக்காமல் காட்டியது. வறுமையில் அன்புக்கும் ஓர் அளவு வந்துவிடுகிறது என்பதைத் தமிழில் அவ்வளவு நிதானமாகச் சொன்ன படம் வேறில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து வந்த இரண்டு படங்கள் நேராகத் தலைக்கூத்தலைத் தொட்டன. மதுமிதா இயக்கிய ‘கே.டி (எ) கருப்புதுரை’யில் (2019) கோமாவிலிருந்து விழித்த பெரியவர், தன்னை ‘அனுப்ப’ வீட்டார் திட்டம் போடுவதைக் கேட்டு ஓடிப்போகிறார். மு.ராமசாமியும் சிறுவன் நாகவிஷாலும் சேர்ந்து நம்மைச் சிரிக்கவைத்தார்கள். பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்று, 2020 பிப்ரவரியில் திரைக்கு வந்தது. அதன் கருப்பசாமியும் ஒரு காவலாளிதான். விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும், அறுவைச் சிகிச்சை செய்வோம் என்கிறார்கள் தங்கை வீட்டார். மகனோ ஊருக்குத் தூக்கிப் போய்விடுகிறார். நாடக நடிகர் ராஜு வலியை முகத்தில் தாங்கிய விதத்துக்கே அந்தப் படத்தைப் பார்க்கலாம்.

இவை எல்லாம் நல்ல படங்கள். ஆனால், இவற்றின் கண் படுத்திருப்பவர் மீதோ அவரை ஒழித்துக்கட்ட நினைப்பவர் மீதோதான் இருக்கிறது. முதியவர் ஒன்று கைவிடப்படுகிறார், இல்லை கொல்லப்படுகிறார், இல்லை தப்பி ஓடுகிறார். கைவிடாமல், கொல்லாமல், ஓடாமல் நான்கு வருஷம் கஞ்சி ஊற்றியவர் கதையில் எங்கே? பெரும்பான்மை வீடுகளில் நடப்பது அதுதானே? வணிகப் படங்களில் அந்த நான்கு வருஷமும் ஒரு பாட்டின் சரணத்துக்குள் முடிந்துவிடும். வாயோரத்தைத் துடைக்கும் ஒரு ஷாட், சக்கர நாற்காலியைத் தள்ளும் ஒரு ஷாட், அடுத்தது மாலை போட்ட போட்டோ.

‘தலைக்கூத்தல்’கூட முழுதாகத் தப்பவில்லை. பழநியை அவ்வளவு அக்கறையாக நமக்கு அறிமுகம் செய்துவிட்டு, படுத்திருக்கும் அப்பாவின் இளமைக்காலக் காதலுக்குள் (அதில் கதிர் நன்றாகவே நடித்திருக்கிறார்) படம் அடிக்கடி போய்விடுகிறது. நினைவற்றுக் கிடப்பவருக்கும் உள்ளே ஓர் உலகம் உண்டு என்று காட்டும் உத்தி அது. அதன் நியாயம் புரிகிறது. எனக்கோ அந்தக் கட்டிலருகிலேயே கேமரா நின்றிருக்கக் கூடாதா என்றிருந்தது. பழநியின் மனைவியாக வசுந்தரா நடித்த பெண்ணின் அலுப்பு எனக்கு இன்னும் வேண்டியிருந்தது. அந்தப் பெண் இரக்கமற்றவர் இல்லை. சம்பாதித்து, சமைத்து, மகளை வளர்த்து, மாமனாரையும் ஏற்றுக்கொண்டவர். அவருடைய ‘போதும்’ என்ற பெருமூச்சில் ஒரு முழுப் படமே இருக்கிறது.

அந்தப் படம் எப்படி இருக்கும் என்பதற்கு வெளியே உதாரணங்கள் உண்டு. தாய்லாந்தில் 2024இல் வந்த ‘ஹவ் டு மேக் மில்லியன்ஸ் பிஃபோர் கிராண்ட்மா டைஸ்’, புற்றுநோய் வந்த பாட்டியைப் பார்த்துக்கொள்ளப் போகும் பேரனின் கதை. அவன் போவதே வீடு தன் பேருக்கு வரும் என்ற ஆசையில். பாங்காக்கில் வசிக்கும் சீன வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் கதை நம் ஊர்ப் பாகப்பிரிவினைப் பேச்சைப் போலவே கேட்கும். கடனில் மூழ்கிய கடைசி மகனுக்குத்தான் வீடு போகிறது. ஆஸ்பத்திரி வரிசையில் கூடவே நின்ற மகளுக்குக் கிடைப்பது அலைச்சல். பேரனின் பேராசை எந்த நிமிஷத்தில் பாசமாக மாறியது என்று சொல்ல முடியாதபடி, குளிப்பாட்டுவதும் ஊட்டுவதுமாகவே படம் நகர்கிறது. ஆஸ்கருக்கான 15 படங்களின் குறும்பட்டியலில் இடம்பிடித்த முதல் தாய்லாந்துப் படம் இது. ஆர்ப்பாட்டமில்லாத குடும்பப் படத்துக்குக் கூட்டம் வராது என்பவர்கள், சொந்த நாட்டிலும் அக்கம்பக்கத்து நாடுகளிலும் அந்தப் படத்துக்குக் கூடிய கூட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மிக்கேல் ஹானக்கேயின் ‘அமோர்’ (2012), பக்கவாதம் வந்த மனைவியைப் பார்த்துக்கொள்ளும் எண்பது வயதுக் கணவரை ஒரே வீட்டுக்குள் வைத்துக் காட்டியே கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்றது.

கணக்கில் வராத உழைப்பு

2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுவதாகவும், ஆண் 88 நிமிடம் செலவிடுவதாகவும் சொல்கிறது. குழந்தைகள், நோயாளிகள், முதியவர்கள் என வீட்டில் இருப்பவர்களைக் கவனிக்கும் வேலையில் 15 முதல் 59 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 41 சதவீதம் பேர் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம் பேர். பழநி போன்ற மகன்கள் இருக்கிறார்கள். ஆனால், சினிமா அவரை நாயகனாக்க முடிந்ததற்குக் காரணமே அவர் ஆண் என்பதுதான். இதையே ஒரு மருமகள் செய்தால் அது கதையாகாது. ‘கடமை’ என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுவோம்.

தமிழ்நாடு வேகமாக மூப்படையும் மாநிலம். 2011 கணக்கெடுப்பிலேயே நம் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். நாட்டின் சராசரி அப்போது 8.6. குடும்பக் கட்டுப்பாட்டை வெற்றிகரமாக நடத்திக் காட்டிய மாநிலம் நாம். நான்கு பிள்ளைகள் பங்குபோட்டுச் செய்த வேலையை இன்று ஒரு பிள்ளை, அல்லது அந்தப் பிள்ளையின் மனைவி, தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

சட்டம் என்ன செய்கிறது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007) பிள்ளைகளை மட்டுமின்றிப் பேரன் பேத்திகளையும் பொறுப்பாளிகளாக்குகிறது. கோட்டாட்சியர் நிலையில் உள்ள தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிடலாம். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. தேவையான சட்டம்தான். ஆனால், அது கைவிட்டவரைத் தண்டிக்கப் பிறந்த சட்டம். கைவிடாதவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. தமிழ் சினிமாவுக்கும் இந்தச் சட்டத்துக்கும் பார்வை ஒன்றுதான்!

மருத்துவக் காப்பீடும் அப்படியே. 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் விரிவுபடுத்தியது. மாநிலத்தில் முதல்வர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இரண்டும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பணம் கட்டும். வீட்டில் போட்ட படுக்கைக்குக் கட்டாது. ஐ.சி.யூ.வில் பத்து நாள் இருந்தால் லட்சங்கள் கிடைக்கும். ஆஸ்பத்திரி ‘இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்’ என்று அனுப்பிய மறுநாளிலிருந்து டயப்பருக்கும் கட்டில் வாடகைக்கும் அவரவர் பாடு. கையில் வருவது, 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகைதான், அதுவும் தகுதி வரம்புக்குள் வந்தால்.

நல்லதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடி வருகிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. வாசல்வரை வந்துவிட்ட திட்டம் இது. இன்னும் ஒரு படி ஏறினால், கஞ்சிப் பாத்திரத்தோடு நிற்பவரையும் கண்டுகொள்ளும்.

கூலி கொடுத்தால் பாசம் போய்விடுமா?

‘பெத்தவங்களைப் பார்க்கறதுக்கும் அரசாங்கம் காசு கொடுக்கணுமா?’ என்ற கேள்வி வரும். பண்பாடு பாழாகிவிடும் என்பார்கள். பண்பாட்டையே சாட்சிக்கு அழைப்போம். காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே நடந்த 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையின் செலவுக் கணக்கு அதில் வெட்டப்பட்டிருக்கிறது. வைத்தியருக்கு இவ்வளவு, அறுவை செய்பவருக்கு இவ்வளவு என்பதோடு நிற்கவில்லை. நோயாளிகளுக்கு மருந்து பக்குவம் செய்து கவனித்த பெண்கள் இருவருக்கும் நெல்லும் காசும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. திருவரங்கம் கோயிலிலும் ஆரோக்கியசாலை நடந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அங்கே தன்வந்திரி சந்நிதி இன்றும் உண்டு. பக்கத்தில் நின்று கவனிப்பவருக்குப் படியளக்க வேண்டும் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்கிறது.

துவாக்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் திருநெடுங்களம். சம்பந்தர் அங்கே பாடியது ‘இடர் களையும் பதிகம்’ என்றே பெயர் பெற்றது. வீட்டில் நோயாளி இருப்பவர்கள் அங்கே போய் அந்தப் பதிகத்தை ஓதிவிட்டு வருவார்கள். மனசுக்குத் தெம்பு கிடைக்கும். திரும்பி வந்ததும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். அந்த இடரைக் களைவது அரசின் வேலை.

பிற இடங்களில் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஜெர்மனி 1995இல் நீண்டகாலப் பராமரிப்புக்கெனத் தனிக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு அதிலிருந்து பணம் வருகிறது. ஜப்பான் 2000இல் தொடங்கிய காப்பீட்டுக்கு 40 வயதிலிருந்தே எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம், படுக்கையில் இருப்பவரை முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று நிர்ணயித்தது. தொகை சிறிது, நிலுவை விழுகிறது என்ற குறைகள் உண்டு. ஆனால், ‘பார்த்துக்கொள்பவர்’ என்று ஒருவர் இருப்பதை ஓர் அரசாணை ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

தமிழ்நாட்டுக்கு இது எட்டாத உயரம் இல்லை. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது, வீட்டில் பெண்கள் செய்யும் சம்பளமில்லாத உழைப்புக்கான அங்கீகாரம் என்றுதான் அரசு அதைச் சொன்னது. அந்த நியாயத்தின் அடுத்த வரி இதுதான். படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்குத் தனித் தொகை. மாதத்தில் சில நாட்கள் முதியவரை ஒப்படைத்துவிட்டு மூச்சுவிட, ஒவ்வொரு வட்ட அரசு மருத்துவமனையிலும் சில படுக்கைகள். புரட்டுவதையும் குழாயில் ஊட்டுவதையும் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் முன்பே வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கும் முறையான பயிற்சி. கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலியை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே இரவல் கொடுக்கும் ஏற்பாடு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மத்திய அரசின் பெண் ஊழியருக்கு 730 நாள் விடுப்பு உண்டு. முதியவரைப் பார்த்துக்கொள்ளவும் அதுபோல ஒரு விடுப்பு. ஏஜென்சிகள் அனுப்பும் ‘பார்த்துக்கிற அம்மா’க்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, வாரம் ஒரு நாள் ஓய்வு. இவற்றில் எதுவும் ஆகாயத்தில் கோட்டை கட்டும் காரியம் இல்லை.

சினிமா இதில் என்ன செய்யும் என்று கேட்கலாம். சட்டம் போடாது. ஆனால், கண்ணில் பட்டதுதான் கணக்கில் வரும். ‘வீடு’ வந்த பிறகு, சொந்த வீடு கட்டும் நடுத்தர வர்க்கத்தின் அவஸ்தையைப் பற்றி எவரும் நமக்குப் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை. அதேபோல, கிடையில் விழுந்த தாத்தாவின் கட்டிலைச் சுற்றி ஒரு வீடு எப்படி இயங்குகிறது என்பதைக் கொலையும் இல்லாமல் கூக்குரலும் இல்லாமல் எடுக்க ஒருவர் துணிய வேண்டும். அதற்குப் பெரிய செட் வேண்டாம். துவாக்குடியில் ஒரு ஹால், ஒரு கட்டில், ஷிஃப்ட் மாறி மாறி வந்துபோகும் மூன்று பேர் போதும்.

படம் வரட்டும், அரசாணையும் வரட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிப்போவது நம் வழக்கம். மூக்கில் குழாய் இருப்பவருக்கு ஆரஞ்சு எதற்கு? அடுத்த முறை இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு போங்கள். “அக்கா, நான் இருக்கேன், நீங்க போய்க் கொஞ்சம் தூங்குங்க” என்று சொல்லுங்கள். அந்த வீட்டில் உடனடியாகத் தேவைப்படும் மருந்து அதுதான்.